போர்தோவா, போர்ட்டோவா?

ஓர் எழுத்து மாறினால் என்னவெல்லாம் நேரும் என்பதை ஒரு பத்திரிகையாளனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அச்சுக்கோத்த காலத்தில், ஒப்புநோக்காளனாகத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன். ஒரு திருமண வாழ்த்து விளம்பரத்தில் 'வாழ்க மணமக்கள்' என்று வரவேண்டியது 'வீழ்க மணமக்கள்' என்று வந்துவிட்டது. மறுநாள் காலை மணமகனின் தந்தையார் அலுவலகத்துக்கு வந்தபோது நான் எங்கே ஒளிந்திருந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அரை நூற்றாண்டு கழிந்து, அதேபோன்ற ஓர் எழுத்துப் பிழை மீண்டும் என் வாழ்வில் குறுக்கிட்டது. இம்முறை பிழைவிட்டவை என் கண்கள் அல்ல, காதுகள்.

எங்கள் மகள் பாரிஸில் வசிக்கிறாள். வரும் செப்டெம்பரில் நானும் மனைவியும் கொழும்பிலிருந்து அவளிடம் செல்லவிருக்கிறோம். ஒரு மாலை தொலைபேசியில் அவள் சொன்னாள்:

"அப்பா, நீங்கள் ரெண்டுபேரும் இஞ்ச வந்தால் பேரனோட வீட்டுக்குள்ளயே இருந்திட்டுப் போறீங்கள். இந்த முறை நாங்கள் மூண்டுபேரும் ஒரு நாலு நாள் எங்கயாவது போய்வருவம். போர்தோ நல்ல இடம். பழைய நகரம், ஆத்தங்கரை, வைனுக்குப் பேர்போன ஊர். நீங்கள் வாசிச்சு ஒரு திட்டம் போட்டு வையுங்கோ."

அவள் சொன்னது பிரான்ஸின் தென்மேற்கில், கரோன் நதிக்கரையில் இருக்கும் போர்தோ. என் காதில் விழுந்ததோ போர்த்துக்கல் நாட்டின் வடக்கில், டூரோ நதிக்கரையில் இருக்கும் போர்ட்டோ. இரண்டும் பழைய நகரங்கள். இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள். இரண்டும் வைனால் வளர்ந்தவை. அவள் சொன்ன அடையாளங்கள் அனைத்தும் இரண்டுக்கும் பொருந்தியமையால் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

ஒரு வாரம் முழுவதும் போர்ட்டோவைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். வரைபடங்களை அச்சிட்டேன். எட்டாம் நாள் மகள் பாரிஸிலிருந்து புறப்படும் ரயில்களின் நேரசூசியை அனுப்பிவைத்தாள். இரண்டு மணித்தியாலப் பயணம் என்று அதில் இருந்தது. பாரிஸிலிருந்து போர்த்துக்கலுக்கு இரண்டு மணித்தியாலத்தில் ரயிலா என்று நான் திகைத்துப்போய்க் கேட்ட பின்னர்தான் குட்டு வெளிப்பட்டது. தொலைபேசியின் இருமுனைகளிலும் சிரித்தோம். ஆனால், சிரிப்பு அடங்கியதும் உண்மையான கேள்வி எழுந்தது. இப்போது எந்த ஊர்?

மகளின் பக்கத்தில் நியாயம் இருந்தது. போர்தோ சமதரையான நகரம். ஊரெங்கும் ட்ராம் வண்டிகள் ஓடுகின்றன. 2007இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. பதினேழு வளைவுகளைக்கொண்ட பழைய கல்பாலம் இருக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட வைன் அருங்காட்சியகம் இருக்கிறது. அதிவேக ரயிலில் ஏறி அமர்ந்தால் மதிய உணவுக்கு அங்கு சென்றுவிடலாம்.

போர்ட்டோவோ குன்றின்மேல் கட்டிய ஊர். ஆற்றிலிருந்து மேலே செல்வதென்றால் படிகள், மேலும் படிகள். என் மனைவிக்கு எழுபது வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுவாதம். எங்கள் வீட்டு வாசலின் நான்கு படிகளையே அவள் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குகிறாள்.

ஆயினும் ஒரு வாரம் வாசித்த ஊரை அவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. இந்த இரண்டு ஊர்களின் இடமாற்றம் என் காதுகளில் முதன்முதலாக நிகழ்ந்தது அல்ல. முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே வரலாற்றில் நிகழ்ந்திருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் அக்கிட்டேன் சீமாட்டி எலியனோர் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியை மணந்ததிலிருந்து ஆங்கிலேயர்கள் போர்தோவின் வைனைக் குடித்துப் பழகியவர்கள். அந்த நகரம் 1453 வரையில் ஆங்கில மன்னர்களின் ஆட்சியிலேயே இருந்தது. பின்னர் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையில் போர்கள் மூண்டு, பிரெஞ்சு வைன் வருவதற்குத் தடைகளும் கடுமையான வரிகளும் விதிக்கப்பட்டபோது, ஆங்கில வணிகர்கள் வேறு ஊர் தேடிப் புறப்பட்டார்கள். அவர்கள் சென்றடைந்த ஊர்களில் முக்கியமானது போர்ட்டோ. 1703இல் செய்யப்பட்ட மெத்துவன் ஒப்பந்தம், போர்த்துக்கேய வைனுக்குப் பிரெஞ்சு வைனைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வரி விதிக்க வழிசெய்தது. போர்தோவுக்குப் பதிலாகப் போர்ட்டோ!

இதனை மகளிடம் விபரித்தபோது, "அப்பா, நீங்கள் விட்ட பிழைக்கு வரலாற்றிலயிருந்து சாட்சி பிடிச்சுக்கொண்டு வாறீங்கள்" என்றாள்.

எனக்கு வேறு ஒரு சாட்சியும் இருந்தது. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

நான் இருந்து எழுதுவது கதிரை. எழுதும் தாள் இருப்பது மேசை. புத்தகங்கள் இருப்பது அலுமாரியில். காலையில் உண்டது பாண். மனைவி நிற்பது குசினியில். முகம் துடைக்கும் துவாய், காலில் மாட்டும் சப்பாத்து, காற்று வரும் யன்னல், வீட்டைப் பூட்டும் சாவி, மழை பார்க்கும் விறாந்தை, கிடங்கு தோண்டும் அலவாங்கு. எல்லாம் போர்த்துக்கேயர் எங்கள் நாவில் விட்டுச் சென்றவை. 1505இல் இலங்கைக் கரையில் ஒதுங்கியவர்கள், 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி, 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணக் கோட்டையை இழந்து வெளியேறினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். கதிரை போகவில்லை.

அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு சொல் இருக்கிறது. பீப்பாய். போர்ட்டோவில் வைன் நிரப்பும் மரக்கலத்துக்குப் பெயர் 'பீப்பா'. டூரோ பள்ளத்தாக்கில் இன்றைக்கும் வைனை அளப்பது அந்தக் கணக்கில்தான். ஒரு பீப்பா என்பது 550 லீற்றர். அந்த ஊர்க்காரரும் நாங்களும் ஒரே பெயர் சொல்லி அழைக்கும் பொருள் அது. எங்கள் ஊர்க் கள்ளுத் தவறணையின் பெயரும் அவ்வழி வந்ததே என்பர்.

தவறணை என்ற சொல்லை எழுதிவிட்டேன். அதனால், நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த விடயத்தையும் எழுதிவிட வேண்டும்.

மகள் முதன்முதலில் பேசிய அன்று, "எந்த ஊராம்?" என்று மனைவி கேட்டாள். "போர்ட்டோ. பழைய வைன் நகரம்" என்றேன்.

"வைன் நகரமோ?" என்று மாத்திரம் கேட்டாள். பின்னர் எழுந்து குசினிக்குள் சென்றுவிட்டாள்.

என் தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. இரவில் கடைசிப் பக்கம் அச்சுக்குச் சென்ற பின்னர், அலுவலகத்தின் பின்வீதியில் எங்கள் மற்றொரு வேலை ஆரம்பமாகும். நான் கொழும்பில். மனைவி யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியை. மகளும் மாமியாரும் அவளுடன் இருந்தார்கள். போர் காரணமாகப் பாதைகள் மூடப்பட்ட ஆண்டுகள் அவை. கடிதங்கள் வர வாரங்கள் பிடித்தன. தனிமை என்றும் தொழில் நெருக்கடி என்றும் நாங்கள் காரணங்களை அடுக்கினோம். காரணம் கிடைக்காத நாளிலும் குடித்தோம்.

30 ஆண்டுகளாக நான் மதுவைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் அதுபற்றிய பேச்சும் இல்லை. அந்த நிலையில், மதுவினால் உலகப் புகழ்பெற்ற ஒரு நகரத்துக்கு நான் ஆசையுடன் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய மௌனத்தின் பொருள் எனக்கு விளங்கியது. அதனால், முதல் வரைவில் வைன் நிலவறைகளை நான் சேர்க்கவேயில்லை. வைன் இல்லாத போர்ட்டோ! அது எவ்வளவு பொய்யான திட்டம் என்பது எனக்கே தெரிந்தது.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். வயதானவர்களை அழைத்துச்செல்லும் வாசகர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எங்களுக்குப் பிரான்ஸ் விசா கிடைத்தால், அதே ஷெங்கன் விசாவுடன் போர்த்துக்கலுக்கும் சென்றுவரலாம். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். பாரிஸிலிருந்து போர்ட்டோவுக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே உள்ள திரிந்தாட் நிலையத்துக்கு மெற்றோ ரயில் அரை மணித்தியாலத்தில் கொண்டுசேர்க்கும்.

போர்ட்டோவுக்குத் திட்டம் போடுவோர் செய்யும் தவறு, புகழ்பெற்ற இடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவற்றை நாட்களுக்குப் பங்கிடுவது. நானும் முதலில் அதையே செய்தேன். பிறகு வரைபடத்தில் உயரங்களைப் பார்த்தேன். அந்த ஊரில் இரண்டு இடங்களுக்கிடையில் உள்ள தூரம் முக்கியமல்ல. எது மேலே, எது கீழே என்பதே முக்கியம். 300 மீற்றர் தூரம் என்று வரைபடம் சொல்லும். அந்த 300 மீற்றரும் படிக்கட்டாக இருக்கும்.

ஆகவே திட்டத்தின் விதியை மாற்றினேன். ஏறுவதெல்லாம் இயந்திரத்தில், நடப்பதெல்லாம் சமதரையில்.

இந்த விதியை வைத்துக்கொண்டு தேடினால் அந்த ஊர் வழிவிடுகிறது. லூயிஸ் மன்னர் பெயரிலான இரும்புப் பாலம் 1886இல் திறக்கப்பட்டது. அதனை வரைந்தவர் தியோஃபில் செய்ரிக். ஐஃபில் கோபுரத்துப் பொறியியலாளரின் முன்னாள் பங்காளி. 172 மீற்றர் அகல வளைவின்மேல் அந்தப் பாலத்துக்கு இரண்டு தளங்கள். மேல்தளம் குன்றையும் குன்றையும் இணைக்கிறது. கீழ்த்தளம் கரையையும் கரையையும் இணைக்கிறது. மேல்தளத்தில் இப்போது மெற்றோ ரயில் செல்கிறது.

நகரத்தில் மெற்றோவில் ஏறி, மேல்தளத்தின் வழியாக ஆற்றைக் கடந்தால், மறுகரையிலுள்ள விலா நோவா த காயாவின் உச்சியில் இறங்கலாம். ஆற்றையும் எதிரே அடுக்கடுக்காக எழும் பழைய நகரத்தையும் அங்கு பூங்காவில் இருந்தபடியே பார்க்கலாம். அங்கிருந்து கீழே ஆற்றங்கரைக்கு 2011 முதல் கேபிள் கார் இயங்குகிறது. கீழே கரையோரம் சமதரை. வைன் நிலவறைகள் இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான். பின்னர் பாலத்தின் கீழ்த்தளத்தால் நடந்து ஆற்றைக் கடந்தால், ரிபெய்ரா என்னும் பழைய துறைமுகக் கரை. மீண்டும் மேலே செல்வதற்கு, சரிவில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் சிறிய ரயில் பாலத்தின் அருகிலேயே இருக்கிறது. ஒரு வட்டம் பூர்த்தியாகிவிட்டது. ஒரு குன்றுகூட ஏறவில்லை!

இதனைக் கண்டுபிடித்த இரவில், முன்பக்கத் தலைப்புச் செய்தி கிடைத்த மகிழ்ச்சி எனக்கு.

முதல் நாளுக்குச் சாவோ பெந்தோ ரயில் நிலையம். பயணம் செய்வதற்காக அல்ல, சுவரைப் பார்ப்பதற்காக. 1916இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் மண்டபச் சுவர்களில் ஏறத்தாழ 20,000 ஓடுகளில் ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் போர்த்துக்கல்லின் கதையை வரைந்து வைத்திருக்கிறார். அதில் ஒரு காட்சி, 1415இல் வட ஆபிரிக்காவின் சியூட்டாவைக் கைப்பற்றியது. கடல்கடந்து அவர்கள் பிடித்த முதல் நகரம் அது. அந்தப் படையெடுப்பில் சென்ற இளவரசர் ஹென்றி 1394இல் பிறந்ததும் இதே போர்ட்டோவில். கப்பல்களுக்கு நல்ல இறைச்சியையெல்லாம் உப்பிட்டுக் கொடுத்துவிட்டு ஊரவர்கள் மிஞ்சிய குடலைச் சமைத்து உண்டார்கள் என்றும், அதனால்தான் போர்ட்டோக்காரர்களுக்குக் 'குடல் தின்னிகள்' என்ற பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. குடலும் அவரையும் சேர்த்த அந்தக் கறி இன்றும் அவ்வூரின் பெருமை. ஆட்டுக்குடல் கறியின் அருமை தெரிந்த யாழ்ப்பாணத்தானுக்கு இதில் பரிகசிக்க எதுவும் இல்லை.

சியூட்டாவில் தொடங்கிய அந்தப் பாதைதான் பின்னர் நல்லூர்வரை வந்தது. அந்தச் சுவரின் முன்னால் நான் சற்று நேரம் நிற்க வேண்டும்.

மூன்றாம் நாள் டூரோ பள்ளத்தாக்குக்கு ரயில். பின்யாவோ என்ற சிற்றூருக்கு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். போகும்போது வலது பக்கத்து யன்னலில் அமர்ந்தால் ஆறு கூடவே வரும். மலைச்சரிவுகளில் கல் அடுக்கிக் கட்டிய படித்தளங்களில் திராட்சைத் தோட்டங்கள். செப்டெம்பர் அறுவடைக் காலம். 2001இல் அந்தப் பள்ளத்தாக்கும் உலக மரபுரிமையாயிற்று. அந்தப் பாதையில் சில காலங்களில் திருத்த வேலை நடப்பதுண்டு. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். நான்காம் நாள் ஆற்றோரமாகச் செல்லும் பழைய ட்ராம் வண்டியில், ஆறு அட்லாண்டிக் சமுத்திரத்தில் கலக்கும் இடம்வரை போய்வருவது. அத்துடன் பாரிஸ் திரும்புவது.

திட்டத்தில் இல்லாதது வைன் மாத்திரமே. ஆனால், எழுதாமல் விட்டதையே மனம் அதிகமாக வாசித்தது.

திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே இடைநடுவில் கடுமையான திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பழத்தின் இனிப்பு தங்கிவிடுகிறது. மதுசாரம் 20 சதவீதம் அளவுக்கு உயர்கிறது. அதுதான் போர்ட் வைன். 1756இல் போம்பால் பிரபு, எந்த நிலத்தில் விளைந்தால் அதற்கு அந்தப் பெயர் உரியது என்று கருங்கல் நாட்டி எல்லை வகுத்தார். விளைவது மலையில். முதிர்வது ஆற்றின் முகத்துவாரத்துக் குளிர்ந்த காற்றில், காயாவின் நிலவறைகளில். தட்டையான அடியும் பெரிய பாயும் கொண்ட 'ரபேலோ' ஓடங்கள், பாறைகளுக்கும் சுழிகளுக்கும் நடுவே பீப்பாய்களைச் சுமந்துவந்தன. பின்னர் அணைகள் கட்டப்பட்டு ஆறு அடங்கிவிட்டது. 1986 வரையில் ஏற்றுமதியாகும் போர்ட் வைன் காயாவிலிருந்தே செல்லவேண்டும் என்ற சட்டமும் இருந்தது.

இந்தக் கதைகளிடையே ஜோசப் ஜேம்ஸ் ஃபொரெஸ்டர் என்ற ஆங்கிலேய வணிகர் என்னைக் கவர்ந்தார். வைன் வணிகராக இருந்துகொண்டே, நல்ல வைனில் சாராயம் கலப்பது தவறு என்று 1844இல் ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டவர். சொந்தத் தொழிலில் இருப்போரையே பகைத்துக்கொண்டு எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். டூரோ நதியை அளந்து அழகிய வரைபடம் தயாரித்தவரும் அவரே. 1861இல் அதே நதியின் சுழியில் ஓடம் கவிழ்ந்து அவர் மாண்டார். அவர் இடுப்பில் கட்டியிருந்த பணப்பட்டி அவரை அமிழ்த்தியது என்றும், உடன்சென்ற திராட்சைத் தோட்டச் சீமாட்டி டோனா அன்டோனியா ஃபெரெய்ராவை அவர் அணிந்திருந்த அகன்ற பாவாடை மிதக்கவைத்துக் காப்பாற்றியது என்றும் மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஒரு பிற்பகல் இந்தக் கதையை மனைவிக்கு வாசித்துக்காட்டினேன். அவள் விறாந்தையில் அமர்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உற்சாகம் கொண்டு, பாலத்தைப் பற்றி அடுத்து வைத்திருந்த குறிப்பையும் வாசித்தேன்.

இரும்புப் பாலங்கள் வருவதற்கு முன்னர், அந்த ஆற்றின் குறுக்கே ஓடங்களை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை போட்ட ஒரு மிதவைப் பாலம் இருந்தது. 1809 மார்ச் 29ஆம் திகதி நெப்போலியனின் தளபதி சூல்ட்டின் படை நகருக்குள் புகுந்தது. மக்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் இழுத்துக்கொண்டு, அந்த ஒரே பாலத்தை நோக்கி ஓடினார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைத் தள்ள, பாலம் சிதைந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ரிபெய்ராக் கரையில், இன்றைய பாலத்துக்கு அருகில், அந்தக் காட்சியைப் பொறித்த ஒரு வெண்கலப் படிமம் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. 'பாலத்தின் ஆன்மாக்கள்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. இன்றும் அங்கே மக்கள் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, சுளகு அவள் மடியில் அசையாமல் இருந்தது.

"அண்டைக்கு அங்க மழையோ?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவள் எந்த மழையைக் கேட்கிறாள் என்பது மாத்திரம் விளங்கியது.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு இலட்சக்கணக்கான மக்கள் ஓர் இரவில் வெளியேறிய நாள். கொட்டும் மழையில், ஒன்பது வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தாயாரைச் சைக்கிளில் இருத்தி உருட்டியபடி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். ஓர் அடி வைத்துவிட்டு மறு அடி வைக்கக் காத்து நின்ற நெருக்கம். பாலம் உடையப்போகிறது என்று யாரோ கத்தினார்களாம். அப்போது தண்ணீரைப் பாராமல் பிள்ளையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு நடந்ததாக ஒரேயொரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த இரவில் நான் கொழும்பில் நண்பர் ஒருவரின் அறையில் போத்தலுக்கு முன்னால் இருந்தேன். செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது, எழுந்து நிற்கும் நிலையில்கூட நான் இல்லை. மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தியை எழுதியவர் வேறொருவர்.

மூன்று வாரங்களின் பின்னர் கைமாறிக் கைமாறி ஒரு கடிதம் வந்தது. சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் இருக்கிறோம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அம்மா நடக்கிறார் என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், 'நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டிருந்தாள். அந்த வரியை வாசித்த பின்னர் நான் போத்தலைத் தொடவில்லை. அந்தக் காரணத்தை அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இதனை வாசிக்கும்போதுதான் அவளுக்கே தெரியவரும்.

சுளகை ஒருபக்கம் வைத்துவிட்டு, "அந்தத் தாளை இஞ்ச தாருங்கோ" என்றாள். நாள்வாரியாக நான் எழுதிய திட்டத்தைக் கொடுத்தேன். பாடசாலைக் காலத்தின் மிச்சமான சிவப்புப் பேனையை எடுத்துவந்தாள். ஐம்பது ஆண்டுகளாக மற்றவர்களின் பிரதிகளை வெட்டியவனின் பிரதி, கண்முன்னே வெட்டுப்பட்டது.

முதலில் போனது, இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட கிளெரிகோஸ் மணிக்கோபுரம். "இது ஆருக்கு?" என்று கேட்டாள். எனக்காகத்தான் வைத்திருந்தேன். அடுத்தது 1906இல் திறக்கப்பட்ட லெல்லோ புத்தகக்கடை. நுழைவுச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே செல்லவேண்டிய கடை. "புத்தகக்கடைக்குள்ள விட்டால் நீங்கள் வெளியில வரமாட்டீங்கள். வரிசையில நிக்க என்ர கால் விடாது." அதுவும் போயிற்று.

இரண்டாம் நாளின் வட்டப் பயணத்தில் அவளுடைய பேனை நின்றது. ரிபெய்ராக் கரை என்று எழுதியிருந்த இடத்தில் 'பாலத்தடி, ஒரு மணித்தியாலம்' என்று எழுதினாள். மற்றெல்லா இடங்களுக்கும் நான் இருபது நிமிடமும் அரை மணியுமே கொடுத்திருந்தேன்.

பிறகு ஆற்றின் மறுகரையைப் பார்த்தாள். "இதென்ன, கேபிள் காரில இறங்கினாப் பிறகு ரெண்டு மணித்தியாலம் வெறுமையாய்க் கிடக்குது?"

நான் பேசவில்லை.

"வைன் வைக்கிற இடம் அங்கதானே எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப அதுக்கும் போவம். இவ்வளவு காலம் எங்களிட்டயிருந்து உங்களைப் பிடிச்சு வைச்சிருந்த சாமான் எப்பிடி மணக்குதெண்டு நானும் ஒருக்காப் பாக்கவேணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிடத்தில் 'பீப்பாய் பார்த்தல்' என்று அழகிய கையெழுத்தில் எழுதி, அதன் கீழே ஒரு கோடும் இட்டாள். வழிகாட்டியுடன் நிலவறையைச் சுற்றிப் பார்த்த பின்னர், சுவைத்துப்பார்க்கச் சிறு கிண்ணத்தில் வைன் தருவார்கள் என்று சொன்னேன். "உங்கட கிண்ணத்தை மகளிட்டக் குடுங்கோ" என்றாள்.

அன்றிரவு திருத்திய திட்டத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். ஊரின் பெயரை இருமுறை ஒப்புநோக்கிய பின்னரே அனுப்பினேன். போர்தோ அல்ல, போர்ட்டோ.

சற்று நேரத்தில் பதில் வந்தது. விமானச்சீட்டுக்கான விலைகளை எழுதியிருந்தாள். தங்குமிடத்தை மெற்றோ நிலையத்துக்கு அருகிலேயே பார்ப்பதாக எழுதியிருந்தாள். கடைசியாக, 'பாலத்தடி ஒரு மணித்தியாலம் எண்டு அம்மாவோ எழுதினவ?' என்று கேட்டிருந்தாள்.

ஆம் என்று பதில் அனுப்பினேன்.

'அப்ப நேரத்தைக் குறைக்காதீங்கோ அப்பா' என்று எழுதினாள்.

நான் குறைக்கப்போவதில்லை. அந்தப் பாலத்தில் அவர்கள் இருவரும் நடந்தபோது நான் உடன் இருக்கவில்லை. இந்தப் பாலத்தடியில் அவர்கள் நிற்கும்வரை நானும் நிற்பேன்.

புறப்பட இன்னும் நாட்கள் இருக்கின்றன. மனைவி இப்போதே பயணப்பையில் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள். மகளுக்குக் கறித்தூள், பேரனுக்குப் பனங்கட்டி, தனக்கு முழங்கால் பட்டி. அவற்றுடன் ஒரு பைக்கற் மெழுகுதிரியும் இருந்தது. அங்கேயே வாங்கலாமே என்றேன்.

"அங்கத்தையான் அங்க கிடக்கட்டும்" என்று சொல்லி, அதனை உடுப்புகளுக்கு இடையில் முறியாதபடி வைத்தாள்.